நீ பாராட்டிய நடை அப்பாவுடையது

அருண்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் முழுக்க நிவேதாவின் நடையைப் பாராட்டி நீ அனுப்பிய செய்திகள் எல்லாம் உன் அப்பாவுக்குச் சேர வேண்டியவை. நிச்சயதார்த்தத்தன்று நீ அவளுக்குக் கட்டிவிட்ட, நடையை எண்ணி உன் போனுக்கு அனுப்புகிற வாட்ச் இப்போது அவளிடம் இல்லை. போன வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அதைக் கட்டிக்கொண்டு காலையில் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி நடப்பவர் அப்பா. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, 'சூப்பர், இப்படியே போனா கல்யாணத்துக்குள்ள ஃபிட் ஆயிடுவே' என்று நீ எழுதியது, சர்க்கரை வியாதி உள்ள, ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஒரு மனிதரின் நடையைப் பார்த்து. இதைக் கடைசியில் சொல்லியிருந்தால் உன்னைச் சுற்றி வளைத்துப் பிடித்ததாக நினைப்பாய். அதனால் முதலிலேயே.

போனில் சொல்லியிருக்கலாமே அம்மா என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ தீர்வுக்குப் போய்விடுவாய். தீர்வு சொல்கிறவனிடம் மேலே பேச எதுவும் இருக்காது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டுப் பேசு, அதற்கு முன் என்னைக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். அவசரம் இருக்கிறது என்பது உனக்கே தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஊரப்பாக்கத்தில் நிவேதா வீட்டில் கூடி, அங்கிருந்து போய் முதல் பத்திரிகையைக் கோயிலில் வைப்பதாக ஏற்பாடு. சாமிக்கு வைத்த பிறகு சொந்தக்காரர்களுக்கு வைக்க ஆரம்பித்துவிடுவோம். அப்புறம் மனதில் என்ன இருந்தாலும் யாரும் வாயைத் திறக்க முடியாது. நிவேதா அதற்கு முன்பே வாயைத் திறக்கப் போகிறாள். என்ன சொல்வாள் என்பது நீ எப்படிப்பட்டவனாக வந்து நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது. கல்யாணம் நடக்கலாம், நிற்கலாம். நான் இரண்டுக்கும் தயாராகிவிட்டேன். அப்பா ஒன்றுக்கு மட்டும்தான் தயாராக இருக்கிறார்.

பூஜை விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் நினைவிருக்கிறதா? தி.நகரில் முகூர்த்தப் புடவை எடுத்துவிட்டு மூன்று பேரும் மின்சார ரயிலில் பெருங்களத்தூரில் வந்து இறங்கினோம். ஜி.எஸ்.டி. சாலை முழுக்கத் தெற்கே போகிற பஸ்ஸுக்காகப் பெட்டியும் பையுமாக ஜனம். ஆட்டோக்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நடந்துவிடலாம் என்று நீ சொன்னாய். நிவேதா கையில் புடவைப் பை இருந்தது. நான் வாங்கப் போனபோது, 'அவளே தூக்கட்டும்மா, இதுவும் எக்சர்சைஸ்தான்' என்று தடுத்தாய். அவள் பையைக் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் பையை வைத்துவிட்டு நின்றுவிட்டாள். நீ அவளுக்கு முன்னால் போய் நின்று, குழந்தையை நடக்கக் கூப்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினாய். 'நிக்காத நிவி, நின்னா மசில் டைட் ஆயிடும். இன்னும் கொஞ்சம்தான். உன்னால முடியும்' என்றாய். பஸ்ஸுக்காகப் பையின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல், "இன்னாபா, அந்தப் பொண்ண செத்த உக்கார வுடேன். மூஞ்சே சரியில்ல பாரு" என்றாள். நீ கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "இல்லக்கா, அவங்களால முடியும்" என்றாய்.

அவளால் முடிந்தது. வீடு வரைக்கும் வந்தாள். காபி குடித்தாள், அப்பாவிடம் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். நீ என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாய், பார்த்தாயா என்பதுபோல. மறுநாள் நீ பெங்களூர் கிளம்பிவிட்டாய். விடுமுறை முடிந்த பிறகும் அவளால் தலை பின்னக் கையைத் தூக்க முடியவில்லை, அவள் அம்மா பின்னிவிட்டிருக்கிறாள். பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற பெண், போர்டின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதியிருக்கிறாள். பின் வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்களாம். இதை அவள் உன்னிடம் சொன்னபோது, ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும், நடுவில் விடக்கூடாது என்று சொன்னாயாம். விட்டுவிடுகிற மனசு வந்துவிடக்கூடாது என்றும் சொன்னாயாம். உடம்பு முழுக்க வலியை வைத்துக்கொண்டு கல்லூரி முடித்து, பி.எட். முடித்து, இத்தனை வருடம் நின்றுகொண்டே பாடம் எடுத்தவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நீ சொன்னது முழுக்கத் தவறில்லை. தவறாக இருந்தால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போயிருப்பேன். நாள்பட்ட வலி உள்ளவர்கள் உடம்பை அசைக்காமல் வைத்திருந்தால் நிலைமை மோசமாகும் என்றுதான் நானும் பிசியோதெரபி மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அளவாகச் செய்கிற பயிற்சி நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. அவளுடைய டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார். ஆக, உன் பக்கம் நியாயம் இருக்கிறது. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட ஆளோடு வீட்டுக்குள் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஏனென்றால் எப்போதும் அந்த ஆள் நீதான்.

'நின்னா மசில் டைட் ஆயிடும்' என்றாயே, அது மட்டும் தவறு. தசை சுருங்கும்போது தனக்குள் ஓடுகிற ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தளரும்போதுதான் ரத்தம் நன்றாக உள்ளே வருகிறது. ஆகையால் வேலை செய்கிற தசைக்குச் சாப்பாடு கிடைப்பது பெரும்பாலும் இரண்டு இழுப்புக்கு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில். நடக்கும்போது கால் தசைக்கு அந்த இடைவெளி தானாகக் கிடைத்துவிடுகிறது. கனமான பையை விடாமல் பிடித்திருக்கும் கைக்கும், போர்டில் எழுதத் தூக்கியபடியே இருக்கும் தோளுக்கும் கிடைப்பதில்லை. உனக்கும் எனக்கும் வேலை கூடக்கூட ரத்த ஓட்டமும் பல மடங்கு கூடிவிடும், நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நாள்பட்ட வலி உள்ள சிலருக்கு அளந்து பார்த்தபோது, அந்த அளவுக்குக் கூடவில்லை என்றும், வேலை நின்ற பிறகு பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரிடமும் அப்படிக் காணவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். இதனால் வலி வருகிறதா, வலியினால் இது வருகிறதா, இரண்டுக்கும் பின்னால் நரம்பு சம்பந்தமான வேறொன்று இருக்கிறதா என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். எதையும் சட்டென்று நம்புகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். நிவேதாவின் வலியைக்கூட, ரிப்போர்ட் எல்லாம் நார்மலாக வந்திருக்கிறதே என்று, ஆரம்பத்தில் ஒரு ஓரமாகச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். உங்கள் இரண்டு பேரையும் சந்தேகப்படுகிற நான் சொல்கிறேன்: அன்றைக்கு அந்தக் கடைப் படியருகே அவள் நின்றது சோம்பலினால் இல்லை. அவளுடைய தசை கேட்ட இடைவெளியை அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய்.

நீ இப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் நம் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வலது தோள் இறுகிப்போனது. சட்டை போடக்கூட என்னைக் கூப்பிடுவார். நீ அந்தச் சுவரில் அவரை நிறுத்தி, விரலால் ஏறச் சொல்லி, எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட்டாய். தினமும் நேற்றைய கோட்டை விட இன்றைய கோடு மேலே போக வேண்டும் என்பது உன் சட்டம். கோடு மேலே போனது. தோளும் சரியானது. அடுத்த தடவை வெள்ளையடித்தபோது அந்தப் பட்டையை மட்டும் விட்டுவிடச் சொன்னார் அப்பா. வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார். அன்றிலிருந்து உனக்கு ஒரு நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது: பக்கத்தில் நின்று விடாமல் தள்ளினால் உடம்பு கேட்கும்.

அந்தக் கோடுகளின் கதையை அப்பா எனக்கு இந்தப் புதன்கிழமைதான் சொன்னார். எப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன். நீ கோடு போட வருவதற்கு முன் சமையலறைக்குப் போய் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வாராம். அப்படியும் எட்டாத நாளில் குதிகாலைத் தூக்கிக்கொள்வாராம். நீ சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் காலைப் பார்க்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒரு கோடு மேல போச்சுன்னா அவன் மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும் பாரு. அதைக் கெடுக்க மனசு வரல" என்றார். பிறகு தோள் எப்படித்தான் சரியானது என்று கேட்பாய். இறுகின தோள் பெரும்பாலும் நாளாக ஆகத் தானாகவே தளரும். உன் பயிற்சி கொஞ்சம் உதவியிருக்கலாம், உதவாமலும் இருந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி செய்யாத இன்னொரு அப்பா நம் வீட்டில் இல்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் நிவேதா பள்ளியிலிருந்து நேராக என் கல்லூரிக்கு வந்தாள். பிராக்டிகல் முடிந்து மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "ஆன்ட்டி, இதை நீங்க வெச்சுக்கோங்க. அவர் வந்ததும் நானே சொல்லிக்கறேன்" என்றாள். நம் வழக்கத்தில் நிச்சயத்துக்குக் கொடுத்த பொருள் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். என் கண் அவள் விரலுக்குப் போனதை அவளும் பார்த்துவிட்டாள். "மோதிரத்தைத் திருப்பித் தரல ஆன்ட்டி. வாட்ச்சை மட்டும்தான்" என்றாள். ஏன் என்று துருவிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, சொல்கிற பழக்கம் அவளுக்கும் அதிகம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போவதற்கு அது ஒரு காரணம்.

மேஜையில் அன்றைய பிராக்டிகலுக்கு வைத்த கருவி அப்படியே இருந்தது. நீயும் அதை இழுத்திருக்கிறாய், பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது ஒரு நாள் என்னோடு வந்து. நடுவிரலில் மாட்டுகிற வளையம், அதிலிருந்து ஓடுகிற நூல், நூலின் மறுமுனையில் தொங்கும் எடை. தாளம் தட்டுகிற மெட்ரோனோமின் ஒவ்வொரு தட்டுக்கும் விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுழலும் உருளையின் தாளில் ஒரு கோடாக விழும். முதலில் உயரமாக, பிறகு குட்டையாக, கடைசியில் விரல் மடங்காமல் நின்றுவிடும். அடுத்து மேற்கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்தம் உள்ளே போகாமல் நிறுத்தி, அதையே செய்யச் சொல்வோம். ஆரோக்கியமான பையன்களுக்கும் கோடுகள் சீக்கிரமே படுத்துவிடும். நீ அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி, 'இதுல ரெக்கார்டு எவ்வளவும்மா?' என்பது. நிவேதா கேட்டது, "நான் இழுத்துப் பாக்கலாமா?" என்று.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. சின்ன எடையாக மாட்டினேன். பட்டை எதுவும் கட்டவில்லை. இழுத்தாள். கோடுகள் நான் நினைத்ததைவிட வேகமாகச் சரிந்தன. தாளை எடுத்து மேஜைமேல் வைத்தபோது, பக்கத்தில் அன்று மதியம் ஒரு மாணவன் பட்டை கட்டிக்கொண்டு இழுத்த தாள் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே ஆன்ட்டி. எனக்குத்தான் பட்டையே கட்டலையே?" என்றாள். ஒரே மாதிரி இருப்பதால் காரணமும் ஒன்று என்று ஆகாது, ஒரு ஆளின் கோடு எதையும் நிரூபிக்காது, எடைகூட வேறு வேறு என்று வகுப்பில் சொல்வதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "இந்தப் பேப்பரை நான் எடுத்துக்கலாமா? அவருக்குக் காட்ட இல்ல. எனக்கே" என்று கேட்டாள். கொடுத்தேன்.

அவள் உடனே கிளம்பவில்லை. மெட்ரோனோமைக் கையில் எடுத்து, அதன் தண்டில் இருக்கிற எடையை மேலே நகர்த்தித் தட்டலை மெதுவாக்கினாள். கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு மறுபடி விரலை வளையத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இப்போது நிறைய நேரம். இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். தாள் தீர்ந்துபோகும் என்று நான்தான் நிறுத்தினேன். மெதுவான தாளத்தில் யாராலும் நீண்ட நேரம் இழுக்க முடியும், அது அவளுக்கு மட்டும் உள்ள விசேஷம் இல்லை, அதையும் அவளிடம் சொன்னேன். "தெரியுது ஆன்ட்டி. ஆனா எவ்வளவு மெதுவா வைக்கணும்னு என்னைத்தானே கேக்கணும்" என்றாள். அருண், இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதை நான் சொல்லியிருந்தால் அறிவுரை என்று ஒதுக்கிவிடுவாய். நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

வாட்ச்சை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா பார்த்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். மோதிரம் அவள் விரலில்தான் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. "கொடுத்த பொருள் திரும்பி வந்திருக்கு. அவன் போன்ல ஜீரோன்னு காட்டும். பதறிப்போய் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டுக் கத்துவான். அவளும் எதையாவது சொல்லிடுவா. அவன் நேர்ல வர்ற வரைக்கும் தள்ளிட்டா போதும்" என்றார். அது வேண்டாம், இது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்றேன். சரி என்றார். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிறவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது சிம் போட்ட வாட்ச், அவள் போன் பக்கத்தில் இல்லாமலேயே உனக்குக் கணக்கு அனுப்பிவிடும் என்று வாங்கியபோது நீதான் அவரிடம் பெருமையாகச் சொன்னாயாம்.

நீ பாராட்டத் தொடங்கினாய். முதல் நாள் அவள் குழம்பியிருக்கிறாள். பழைய கணக்கு ஏதோ தாமதமாகப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததால் பதில் போடவில்லை. நீ அதைக்கூடக் கவனிக்கவில்லை. தினமும் பாராட்டு வந்தது, முந்தின நாளைவிடப் பெரிதாக. அப்பா உற்சாகமாகிவிட்டார் போல. புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் என்னைக் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆன்ட்டி, வாட்ச்சை யார் போட்டிருக்காங்க?" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அப்பா இட்லியை விண்டுகொண்டிருந்தார். சட்டைக் கை மேலே ஏறி, வாட்ச் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

எப்போதும் என்னிடம் உன்னை 'அவர்' என்று சொல்கிறவள், அன்று அதை மறந்துவிட்டாள். "அந்த ஆப்ல மேப்பும் இருக்கு ஆன்ட்டி. எங்க நடந்தாங்கன்னு கோடு காட்டும். நான் ஊரப்பாக்கத்துல இருக்கேன். கோடு பீர்க்கன்கரணை ஏரியைச் சுத்துது. ஒரு நாள்கூட அவன் அதைத் திறந்து பாக்கல. நம்பரை மட்டும் பாத்திருக்கான்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா சார்பிலும் கேட்டேன். அங்கிள்மேல் கோபம் இல்லை என்றாள். அவருக்குப் பயம், அதனால் செய்தார், தானும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் நடந்ததாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா கணக்கு கேப்பான். வந்து என்னை சரி பண்றேன்னு மறுபடி சொன்னா, மோதிரத்தையும் கழட்டிக் கொடுத்துடுவேன். அம்மா அப்பா எதிர்லயே கொடுப்பேன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. அவள் போனை வைத்த பிறகு, எதிரில் உட்கார்ந்திருந்த அப்பா சுவரைப் பார்த்தபடி அந்தப் பென்சில் கோட்டுக் கதையைச் சொன்னார்.

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சுற்றி இருக்கிற நாங்கள் எல்லோரும் உனக்கு நல்ல கணக்குக் காட்டப் பழகிவிட்டோம். அப்பா குதிகாலைத் தூக்கினார். நிவேதா வலித்த கையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, சிரித்துக்கொண்டு காபி குடித்தாள். நானும், உடலியங்கியல் சொல்லித் தருகிறவள், அன்று பெருங்களத்தூரில் உன்னிடம் 'நிக்கட்டும் விடு' என்று சொல்லாமல், மருமகளாக வரப்போகிறவள் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று ஒதுங்கி நடந்தேன். நீ கெட்டவனாக இருந்திருந்தால் எங்களில் ஒருவராவது எதிர்த்திருப்போம். நீ அக்கறையோடு செய்கிறாய், அதனால் ஒருவருக்கும் வாய் வரவில்லை. வெள்ளம் வந்த வருடம் கழுத்தளவுத் தண்ணீரில் எதிர்வீட்டுக்காரர்களை மாடிக்குத் தூக்கிக் கொண்டுபோய் விட்டவன் நீ. உன்னைப் பற்றி எனக்கு அப்போது இருந்த பெருமை இப்போதும் இருக்கிறது. ஆனால் வெள்ளம் வடிந்துவிடும். இவளுடைய வலி வடியும் என்று யாரும் சொல்லவில்லை. குறையலாம், கூடலாம், பல வருடம் அப்படியே இருக்கலாம். நீ தூக்கிக்கொண்டு ஏற இதில் மாடி எதுவும் கிடையாது.

அதனால் வெளிப்படையாகக் கேட்கிறேன். குறையாத வலியோடு இருக்கிற ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ள உனக்கு இஷ்டமா? குணமானவளை இல்லை, கல்யாணத்துக்குள் ஃபிட் ஆகப்போகிறவளை இல்லை. ஒரு நாள் ஏரிக்கரை முழுக்க நடந்துவிட்டு மறுநாள் சீப்பைத் தூக்க முடியாமல் இருக்கிற இந்த நிவேதாவை. முடியாது என்று தோன்றினால் சொல்லிவிடு. உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அப்பாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். முடியும் என்றால், சரிசெய்து காட்டுகிறேன் என்கிற நினைப்பைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வா. அவள் நடப்பாள். நடக்காமல் இருக்க மாட்டாள், அவளுக்கும் உடம்பு வேண்டும். எப்போது, எவ்வளவு, எந்த இடத்தில் நிற்பது என்பதை அவள் சொல்வாள். நீ கூட நடக்கலாம். அவள் நின்றால் நீயும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கிறது. உன்னால் முடியுமா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

நீ சனிக்கிழமை காலை வண்டியில் வருவதாக அப்பா சொன்னார். மதியத்துக்கு மேல் ஆய்வகம் காலியாக இருக்கும், சாவி என்னிடம் இருக்கிறது. நேராக அங்கே வா. உன் விரலில் வளையத்தை நான் மாட்டுகிறேன். மேற்கையில் பட்டையைக் கட்டி, ஆரோக்கியமான மாணவர்களுக்கு எவ்வளவு காற்றடிப்போமோ அவ்வளவு அடிக்கிறேன். உருளையை உன் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைத்துவிடுவேன், கோடு எவ்வளவு உயரம் போகிறது என்று நீ பார்க்கக்கூடாது. மெட்ரோனோமை உனக்குப் பிடித்த வேகத்திலேயே வைக்கிறேன். ஆபத்து எதுவும் இல்லை, என் மாணவர்கள் வருடா வருடம் செய்வதுதான். ஆனால் வலிக்கும். கை உன்னுடையதுதானா என்று தோன்றும். பிறகு எவ்வளவு நினைத்தாலும் விரல் மடங்காது.

நிவேதாவும் வருகிறாள். நேற்று அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வருகிறேன்' என்றாள். எதிரில் உட்கார்ந்துகொண்டு, 'உன்னால முடியும், இன்னும் கொஞ்சம்தான்' என்று அவனிடம் நீ சொல்லேன் என்றேன். இந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்துக் கேட்டேன். பிறகு, "வேணாம் ஆன்ட்டி. காத்தைத் திறந்துவிடற திருகு இருக்கில்ல, அதை என் கையில கொடுங்க. போதும்னு அவர் சொன்ன உடனே திறந்துடறேன்" என்றாள்.

அம்மா